பாயிரம் இல்லாத செயலிகள்: தமிழ்ப் பாடநூல்களில் அன்றாடத் தொழில்நுட்பமும் இணையப் பாதுகாப்பும்

ஆய்வுச்சுருக்கம்

2018, 2019ஆம் ஆண்டுகளில் வெளிவந்த தமிழ்நாட்டு அரசின் பள்ளித் தமிழ்ப் பாடநூல்கள் அன்றாடத் தொழில்நுட்பத்தை முகமலர்ச்சியோடு வரவேற்கின்றன. அத்தொழில்நுட்பத்தை நம்புவதற்கு முன் எதைக் கேட்டறிய வேண்டும் என்னும் வினாவை அவை மாணவர் கையில் கொடுக்கவில்லை. ஒன்பதாம் வகுப்பின் ‘இயந்திரங்களும் இணையவழிப் பயன்பாடும்’ என்னும் உரைநடைப் பாடம், பாடநூல்களின் விரைவுக் குறியீட்டு வழிகாட்டுதல், பதினொன்றாம் வகுப்பின் நன்னூல் பாயிரப் பகுதி ஆகியவற்றை இக்கட்டுரை ஒருங்குவைத்து வாசிக்கிறது. இணையப் பாதுகாப்புக்கு வேண்டிய வாசிப்புக் கருவி தமிழ்ப் பாடநூலுக்குள்ளேயே உள்ளது. தொழில்நுட்பப் பாடத்தோடு அது இணைக்கப்படவில்லை என்பதே இதன் கருத்து. வாசிப்புக் களமாக இராமநாதபுரம் மாவட்டத்து உத்தரகோசமங்கை கொள்ளப்படுகிறது.

குறிச்சொற்கள்: பாடநூல் திறனாய்வு, இணையப் பாதுகாப்பு, விரைவுக் குறியீடு, நன்னூல், பாயிரம், உத்தரகோசமங்கை

வாசிப்புக் களம்

பாடநூலைத் திறனாய்வு செய்வோர் பெரும்பாலும் நூலை மட்டுமே பார்க்கின்றனர். அது எந்த ஊரில், எந்தக் கைகளில் விரிக்கப்படுகிறது என்பதைப் பார்ப்பதில்லை. கவிதைக்கு அது ஓரளவு பொருந்தலாம். ‘இதைப் பதிவிறக்கு, இதைச் சொடுக்கு’ என்று ஏவும் நூலுக்குப் பொருந்தாது. ஏவல் நிறைவேறும் இடத்தையும் சேர்த்தே அதை வாசிக்க வேண்டும்.

உத்தரகோசமங்கை மாணிக்கவாசகர் பாடிய தலம். மங்களநாதர் கோயிலும் மரகத நடராசரும் இவ்வூரின் அடையாளங்கள். இவ்வூர் அமைந்துள்ள இராமநாதபுரம் மாவட்டம், 2018இல் இந்திய அரசு அறிவித்த முன்னேற விழையும் மாவட்டங்கள் 112இல் ஒன்று. தமிழ்நாட்டிலிருந்து அப்பட்டியலில் இடம்பெற்றவை இதுவும் விருதுநகரும் மட்டுமே. வளைகுடா நாடுகளுக்கும் மலேசியா, சிங்கப்பூருக்கும் வேலைக்குச் சென்றோர் நிறைந்த மாவட்டம் இது. கரையோர ஊர்களில் ஆண்கள் கடலுக்குப் போய்விடுவர். இத்தகைய வீடுகளில் ஒரே திறன்பேசி தந்தையின் குரலாகவும் வங்கிப் புத்தகமாகவும் பிள்ளையின் பாடநூலாகவும் இருக்கிறது. சென்னையில் எழுதப்படும் பாடநூல் ‘உங்கள் திறன்பேசி’ என்று சொல்லும்போது, இங்கே அது பெரும்பாலும் தாயின் திறன்பேசி; தந்தை அனுப்பும் பணம் வந்திறங்கும் கணக்கோடு இணைந்தது. மாணவர் தவறாகத் தொடும் ஒரு பொத்தான் அவரோடு நிற்பதில்லை.

ஊரகப் பிள்ளைகளுக்குத் திறன்பேசி பழக்கமில்லை என்ற எண்ணத்துக்கு இனி இடமில்லை. ஏசர் 2024 அறிக்கையின்படி, இந்திய ஊரகப் பகுதிகளில் 14 முதல் 16 வயதினரில் 82.2 விழுக்காட்டினர் திறன்பேசியைக் கையாளத் தெரிந்தவர்கள். முந்தைய ஒரு வாரத்தில் அதைக் கல்விக்குப் பயன்படுத்தியோர் 57 விழுக்காடு. சமூக ஊடகத்துக்குப் பயன்படுத்தியோர் 76 விழுக்காடு. சமூக ஊடகம் பயன்படுத்துவோருள் ஒரு கணக்கைத் தடுக்கவோ அதன்மேல் புகார் தெரிவிக்கவோ அறிந்தவர்கள் 62 விழுக்காடு. கடவுச்சொல்லை மாற்றத் தெரிந்தவர்கள் 57.7 விழுக்காடு. ஏறத்தாழ ஐவரில் இருவர் பூட்டத் தெரியாத வீட்டில் குடியிருக்கின்றனர் எனலாம். அவர்களும் அன்றாடம் தமிழ் வகுப்பில் அமர்ந்திருப்பவர்களே.

முதல் பக்கத்தின் அறிவுரை

புதிய பாடத்திட்ட நூல்களின் தொடக்கப் பக்கங்களில் விரைவுக் குறியீட்டைப் பயன்படுத்தும் முறை விளக்கப்பட்டுள்ளது. திறன்பேசியின் செயலிக் கடையிலிருந்து குறியீட்டை வருடும் செயலி ஒன்றை இலவசமாகப் பதிவிறக்கி நிறுவிக்கொள்ள வேண்டும். செயலியைத் திறந்து, கேமராவைக் குறியீட்டின் அருகே கொண்டுசெல்ல வேண்டும். திரையில் தோன்றும் உரலியைச் சொடுக்கி விளக்கப் பக்கத்துக்குச் செல்ல வேண்டும். இவையே அவ்வறிவுரையின் சாரம்.

அச்சு நூலையும் காணொலியையும் ஒரு சிறு கட்டத்தால் இணைத்தது பாராட்டத்தக்க முயற்சியே. நூலகம் எட்டாத தொலைவில் இருக்கும் மாணவருக்கு அது ஒரு சாளரம். ஆனால் அவ்வறிவுரையை ஒரு பனுவலாக எடுத்து வாசித்தால், அது கற்பிக்கும் நடத்தை வேறாகத் தெரிகிறது. எந்தச் செயலி என்று நூல் சொல்லவில்லை. ‘இலவசம்’ என்பதே அடையாளம். செயலி யாருடையது, என்னென்ன அனுமதிகளைக் கேட்கும், அவற்றுள் எதை மறுக்கலாம் என்பவை பேசப்படவில்லை. தோன்றும் உரலியைப் படித்துப் பார்த்தபின் சொடுக்க வேண்டும் என்னும் ஒரு தொடர்கூட இல்லை. பாடம் தொடங்கும் முன்பே மாணவர் கற்றுக்கொள்ளும் முதல் பாடம் இது: கட்டம் கண்டால் வருடு, உரலி கண்டால் சொடுக்கு.

இதன் விளைவைக் கற்பனை செய்ய வேண்டியதில்லை. ஆண்ட்ராய்டு கைப்பேசிகளில் ஒரு கோடிக்கும் மேற்பட்ட முறை நிறுவப்பட்டிருந்த ‘பார்கோடு ஸ்கேனர்’ என்னும் இலவசச் செயலி, 2020 டிசம்பரில் வந்த புதுப்பிப்புக்குப் பின் தீம்பொருளாக மாறியதை மால்வேர்பைட்ஸ் நிறுவனம் 2021 பிப்ரவரியில் வெளிப்படுத்தியது. பல ஆண்டுகள் ஒழுங்காக இயங்கிய செயலி அது. உரிமை கைமாறும் சூழலில் பழுதடைந்தது. கூகுள் தன் கடையிலிருந்து அதை நீக்கியபோதும், ஏற்கெனவே நிறுவப்பட்ட கைப்பேசிகளில் அது தானாக நீங்கவில்லை. பாடநூல் பரிந்துரைத்தது இச்செயலியை அன்று. இவ்வகைச் செயலி எதையும் பெயர் குறிக்காமல் அது பரிந்துரைத்தது என்பதுதான் சிக்கல். இன்றைய கைப்பேசிகள் பலவற்றில் கேமராவே குறியீட்டைப் படித்துவிடும் என்பதால் தனிச் செயலிக்கான தேவையும் குறைந்துவிட்டது.

இதன் மறுபக்கம் இன்னும் கசப்பானது. கல்வி உதவித்தொகை வந்திருப்பதாகப் பெற்றோரைத் தொலைபேசியில் அழைத்து, விரைவுக் குறியீடு ஒன்றை அனுப்பி, அதை வருடச் செய்து பணம் பறிக்கும் மோசடி தமிழ்நாட்டில் நடந்து வருகிறது. யுபிஐ முறையில் இரகசிய எண் பணம் செலுத்துவதற்கே தேவை, பெறுவதற்குத் தேவையில்லை. இந்த ஒற்றை வரியை அறிந்த குடும்பம் அம்மோசடியிலிருந்து தப்பிவிடும். பள்ளி, உதவித்தொகை, விரைவுக் குறியீடு என்னும் மூன்று நம்பிக்கைகளையும் மோசடிக்காரர் ஒருசேரக் கையாள்கிறார். அவற்றுள் மூன்றாவதை வீட்டுக்குள் கொண்டுவந்ததில் பாடநூலுக்கும் பங்குண்டு.

வியப்பின் உரைநடை

ஒன்பதாம் வகுப்புத் தமிழ்ப் பாடநூலின் ‘இயந்திரங்களும் இணையவழிப் பயன்பாடும்’ இப்பொருளில் குறிப்பிடத்தக்க பாடம். நகலெடுக்கும் இயந்திரம், தொலைநகல், தானியக்கப் பண இயந்திரம், அட்டை பயன்படுத்தும் இயந்திரம், நியாயவிலைக் கடையின் திறனட்டைக் கருவி, இணைய வணிகம், தொடருந்து முன்பதிவு, அரசின் இணையவழிச் சேவைகள், திறனறித் தேர்வுகளுக்கான பதிவு என அது நடைபோடுகிறது. செஸ்டர் கார்ல்சன், ஜான் ஷெப்பர்டு பாரன், டிம் பெர்னர்ஸ் லீ முதலிய பெயர்கள் மாணவருக்கு அறிமுகமாகின்றன.

இப்பாடத்தின் வலிமை அதன் சொல்லாக்கத்தில் உள்ளது. உரலி, செயலி, திறன்பேசி, விரைவுக் குறியீடு முதலிய சொற்கள் இன்று கூச்சமின்றிப் புழங்குவதற்கு இத்தலைமுறைப் பாடநூல்கள் செய்த பணி பெரிது. (வாட்ஸ்அப்பைப் ‘புலனம்’ ஆக்கும் முயற்சி அவ்வளவு வெற்றி பெறவில்லை. ஆசிரியர்களே ‘புலனக் குழு’ என்று எழுதிவிட்டு ‘வாட்ஸ்அப் குரூப்’ என்று பேசுகின்றனர்.) நியாயவிலைக் கடையையும் தானியக்கப் பண இயந்திரத்தையும் ஒரே பாடத்தில் வைத்தது நல்ல முடிவு. தொழில்நுட்பம் என்றால் விண்கலம் என்று நினைக்கும் மாணவருக்கு, தன் தெருவில் இருப்பதும் தொழில்நுட்பமே என்று அது காட்டுகிறது.

குறை அதன் நடையில் உள்ளது. கண்டுபிடித்தவர், கண்டுபிடித்த ஆண்டு, அதனால் விளைந்த எளிமை என்னும் மூன்றடுக்கு அமைப்பு மீண்டும் மீண்டும் வருகிறது. இதை வியப்பின் உரைநடை எனலாம். இவ்வுரைநடையில் இயந்திரத்தின் ஒருமுனையில் கண்டுபிடித்தவர் நிற்கிறார். மறுமுனையில் பயன்பெறும் ‘நாம்’ நிற்கிறோம். இருவருக்கும் இடையே நிற்பவர்களான சேவை நடத்தும் நிறுவனம், தரவைச் சேமிப்பவர், இடைபுகுந்து ஏமாற்றுபவர் ஆகியோர் பாத்திரங்களாக வருவதில்லை. ஏமாறும் வாய்ப்பு தனிப்பொருளாகவும் எடுத்தாளப்படவில்லை. பத்தாம் வகுப்பின் ‘செயற்கை நுண்ணறிவு’ பாடமும் பெரிதும் இந்நடையிலேயே வேர்டுஸ்மித், வாட்சன், பெப்பர் என்று அடுக்கிச் செல்கிறது.

பாதுகாப்பு வேறோரிடத்தில் உள்ளது. பதினொன்றாம் வகுப்புக் கணினி அறிவியல் நூலின் 17ஆம் இயல் கணினி நன்னெறியையும் இணையப் பாதுகாப்பையும் பேசுகிறது. குற்ற வகைகள், குறியாக்கம், தகவல் தொழில்நுட்பச் சட்டம் எல்லாம் அங்கே உண்டு. ஆனால் அது கணினிப் பாடத்தைத் தேர்ந்த மாணவருக்கு மட்டும் உரியது. இயந்திரத்தை வரவேற்கும் பாடம் எல்லாருக்கும் 14 வயதில் கிடைக்கிறது. அதிலிருந்து காத்துக்கொள்ளும் பாடம் சிலருக்கு மட்டும் 16 வயதில் கிடைக்கிறது. பத்தாம் வகுப்போடு படிப்பை நிறுத்தி வலைக்கோ வேலைக்கோ போகும் பிள்ளைக்கு அது கிடைப்பதே இல்லை. 2025–26இல் நடைமுறைக்கு வந்துள்ள டிஎன் ஸ்பார்க் திட்டத்தின் நூல்கள் இவ்விடைவெளியை எவ்வளவு நிரப்புகின்றன என்பது தனி ஆய்வுக்குரியது.

அண்டை மாநிலமான கேரளம் வேறு வழியைத் தேர்ந்தது. அங்குள்ள கைட் நிறுவனம் 2022இல் ‘சத்தியமேவ ஜயதே’ என்னும் திட்டத்தின்கீழ், 5 முதல் 10ஆம் வகுப்பு வரையிலான மாணவருக்குப் பொய்ச்செய்திகளை இனங்காணும் பயிற்சியை அளித்தது. பாட விருப்பத்தைப் பொறுத்ததாக அதை வைக்கவில்லை என்பது நோக்கத்தக்கது.

பாயிரம் என்னும் சோதனை

இணையத்தில் மாணவர் சந்திக்கும் தீங்கு பெரும்பாலும் மொழிவழி வருகிறது. ஒரு குறுஞ்செய்தி, ஓர் அழைப்பு, ஒரு விளம்பர வாசகம், நட்பு பாராட்டும் நான்கு சொற்கள் என அது தொடங்குகிறது. ஆங்கிலத்தில் ‘பிஷிங்’ எனப்படுவதைத் ‘தூண்டிலிடல்’ என்று கொண்டால், இக்கடற்கரைப் பிள்ளைக்கு விளக்கம் வேண்டியதில்லை. எந்த மீனுக்கு எந்த இரை என்பதை அறிந்தே தூண்டில் போடப்படுகிறது என்பது அப்பிள்ளைக்குத் தெரியும். ஆகவே இப்பொருள் கணினி ஆய்வகத்துக்கு உரியது என்பதைவிட மொழி வகுப்புக்கு உரியது. பாடநூல் ஆசிரியர்கள் உணர்ந்தோ உணராமலோ, அதற்கான கருவியையும் பாடத்தில் வைத்திருக்கின்றனர்.

பதினொன்றாம் வகுப்புத் தமிழ்ப் பாடநூலின் முதல் இயலில் நன்னூலின் பாயிரம் இடம்பெற்றுள்ளது. பவணந்தி முனிவரின் கருத்துப்படி, ஒரு நூலுக்குச் சிறப்புப்பாயிரம் எட்டுச் செய்திகளைச் சொல்ல வேண்டும்: ஆக்கியவர் பெயர், நூல் வந்த வழி, அது வழங்கும் எல்லை, நூலின் பெயர், யாப்பு, நுதலிய பொருள், கேட்போர், பயன். காலம், களம், காரணம் என்னும் மூன்றைச் சேர்த்துச் சொல்வாரும் உளர் என்கிறது நன்னூல். எத்துணை விரிந்த நூலாயினும் பாயிரம் இல்லையேல் அது நூலாகாது என்பதும் அதன் நிலைப்பாடு.

வகுப்பறையில் இவ்வெட்டும் பதினொன்றும் மனப்பாடப் பட்டியலாகவே கழிந்துவிடுகின்றன. ஒரு செயலியின் முன்னோ அனுப்பப்பட்டு வந்த ஒரு செய்தியின் முன்னோ இப்பட்டியலை வைத்தால், அது உயிருள்ள வினாத்தொகுப்பாகிறது. ஆக்கியோன் யார்? இச்செய்தி எவ்வழியே கைக்கு வந்தது? யாரைக் கேட்போராகக் கருதி எழுதப்பட்டது? இதனால் பயன் யாருக்கு? எந்தக் காலத்தது? பழைய வெள்ளப் படம் புதிய புயலின் பெயரில் வலம்வரும்போது, காலமும் களமும் என்னும் இரண்டு வினாக்களே போதும். மேற்சொன்ன ‘பார்கோடு ஸ்கேனர்’ செயலியின் கதையில் மாறியது ஆக்கியோன்தான்; பெயர் மாறவில்லை. பெயரை மட்டும் பார்த்தவர் ஏமாந்தார்.

நன்னூல் இன்னும் ஒருபடி மேலே செல்கிறது. நூலாசிரியர் தம் நூலுக்குத் தாமே பாயிரம் செய்துகொள்ளக் கூடாது. அவருடைய ஆசிரியர், உடன்கற்றவர், மாணவர், தகுதியுள்ள உரைகாரர் ஆகியோரே செய்ய வேண்டும். தற்புகழ்ச்சி சில இடங்களில் மட்டுமே ஒப்பத்தக்கது என்பது இதன் பின்னுள்ள கருத்து. ஒன்றின் தகுதியை அதன் வாய்மொழியால் அறிய முடியாது. அதனை அறிந்த பிறர் வாயிலாகவே அறிய வேண்டும் என்பது இதிலிருந்து பெறப்படும்.

ஸ்டான்போர்டு பல்கலைக்கழகத்தின் சாம் வைன்பெர்க்கும் சாரா மெக்ரூவும் 2017இல் வெளியிட்ட ஆய்வு இவ்விடத்தில் நினைக்கத்தக்கது. வரலாற்று அறிஞர் 10 பேர், செய்தி சரிபார்ப்போர் 10 பேர், அப்பல்கலைக்கழக இளநிலை மாணவர் 25 பேர் ஆகியோர் இணையதளங்களை எவ்வாறு மதிப்பிடுகின்றனர் என்று அவர்கள் கவனித்தனர். வரலாற்று அறிஞருள்ளும் மாணவருள்ளும் பலர் தளத்துக்குள்ளேயே நின்று, அதன் தோற்றத்தையும் அது தன்னைப் பற்றிச் சொல்வதையும் படித்து ஏமாந்தனர். செய்தி சரிபார்ப்போரோ விரைவில் அத்தளத்தை விட்டு வெளியேறி, அதனைப் பற்றிப் பிறர் என்ன சொல்கின்றனர் என்று தேடிச் சரியான முடிவுக்கு வந்தனர். இதனைப் பக்கவாட்டு வாசிப்பு என்கின்றனர். பாயிரத்தைப் பிறர் சொல்ல வேண்டும் என்னும் நன்னூல் விதி எழுத்தாளருக்கானது. பக்கவாட்டு வாசிப்பு வாசகருக்கானது. இரண்டும் ஒன்றல்ல. ஆயினும் இரண்டின் அடியிலும் கிடக்கும் ஐயம் ஒன்றே.

இங்கே ஓர் எச்சரிக்கை தேவை. முன்னோர் அன்றே எல்லாம் சொல்லிவிட்டனர் என்னும் பெருமிதப் பேச்சு தமிழ்க் கருத்தரங்குகளில் மலிந்து கிடக்கிறது. பதின்மூன்றாம் நூற்றாண்டுப் பவணந்தியாருக்கு இணையம் தெரியாது. தெரிந்திருக்க வேண்டியதும் இல்லை. நன்னூலில் இணையப் பாதுகாப்பு இருக்கிறது என்பதன்று இங்கு வைக்கப்படும் வாதம். தேர்வுக்காக மாணவர் எப்படியும் கற்கும் ஒன்றை, அவர் அன்றாடம் செய்யும் செயலோடு ஆசிரியரால் இணைக்க முடியும் என்பதே வாதம்.

காப்பும் பூட்டும்

பள்ளிகள் அறிந்த பாதுகாப்பு பெரும்பாலும் தடையே. கைப்பேசி வளாகத்துக்குள் வரக்கூடாது என்பது விதி; மாலை நான்கு மணிக்குப் பிறகு என்ன நடக்கிறது என்பது வீட்டின் பொறுப்பு. 2020இல் பெருந்தொற்று இவ்வேற்பாட்டைக் குலைத்தது. தடைசெய்யப்பட்ட கருவியே வகுப்பறை ஆயிற்று. 2021 மே மாதத்தில் இணையவழி வகுப்பில் ஆசிரியர் நடத்தை குறித்த புகார்கள் எழுந்தபோது, வகுப்புகளைப் பதிவுசெய்து ஆய்வு செய்ய வேண்டும் என அரசு அறிவித்தது. தீங்கு நேர்ந்த பின்னரே விதி வந்தது. பதிவுசெய்யப்படும் பிள்ளைகளின் முகங்கள் எங்கே, எவ்வளவு காலம் இருக்கும் என்னும் வினா அப்போதும் பெரிதாக எழவில்லை.

உத்தரகோசமங்கை மாணவருக்குக் காப்பு என்னும் சொல் புதிதன்று. மரகத நடராசர் திருமேனி ஆண்டு முழுவதும் சந்தனக் காப்பில் இருக்கிறது. மார்கழித் திருவாதிரையை ஒட்டிக் காப்புக் களையப்பட்டு, தரிசனத்துக்குப் பின் மீண்டும் சாத்தப்படுகிறது. இது பூட்டி மறைத்தல் அன்று. எப்போது, யாரால், எவ்வளவு நேரம் திறக்கப்படும் என்னும் முறை அது. தன் படத்தையும் ஊரையும் பள்ளிப் பெயரையும் யாருக்கு, எந்த அளவில் காட்டுவது என்று முடிவுசெய்யும் உரிமை மாணவருக்கு உண்டு என்பதை விளக்க, இவ்வூர் ஆசிரியருக்கு இதைவிட நெருக்கமான எடுத்துக்காட்டு கிடைக்காது. கணக்கைத் தனிப்பட்டதாக மாற்றும் அமைப்பும் அதைத்தான் செய்கிறது.

இம்முறை ஆசிரியர்களுக்கும் பொருந்தும். பள்ளி விழாவில் எடுத்த மாணவர் படங்களை முகமும் சீருடையும் தெரியப் பொதுக்குழுக்களில் பகிர்வது இயல்பாகிவிட்டது. மின்னணுத் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம், 2023, பதினெட்டு வயது நிறையாதவரைக் குழந்தை என வரையறுத்து, அவர்தம் தரவைக் கையாளப் பெற்றோரின் சரிபார்க்கத்தக்க இசைவைக் கேட்கிறது. சட்டத்தின் துல்லியமான எல்லைகள் ஒருபுறம் இருக்க, இசைவு கேட்கும் பழக்கத்தை மாணவர் ஆசிரியரிடமிருந்தே பார்த்துக் கற்க முடியும். விழிப்புணர்வுக் கூட்டத்தில் ‘படத்தைப் பகிராதே’ என்று மாணவியரிடம் சொல்லிவிட்டு, அக்கூட்டத்தின் படத்தையே பகிரும் முரண் அரிதன்று.

அக்கூட்டங்களின் மொழியும் கவனத்துக்குரியது. அது பெரும்பாலும் எதிர்மறை ஏவலாலானது: பேசாதே, நம்பாதே, பகிராதே. அறிவுரையை மீறியவருக்குத் தீங்கு நேர்ந்தால் குற்றம் அவருடையதாகிவிடுகிறது. மிரட்டலுக்கு உள்ளான மாணவி வீட்டில் சொல்லத் தயங்குவதற்கு முதன்மைக் காரணம், சொன்னால் கைப்பேசியும் சில வேளைகளில் படிப்பும் பறிபோகும் என்ற அச்சம். அவள் ஊமையாவதுதான் மிரட்டுபவரின் முதலீடு.

முறையீட்டுக் கடிதம்

பத்தாம் வகுப்புத் தமிழ்ப் பாடநூலில் ஒரு கடிதப் பயிற்சி உண்டு. உணவு விடுதியில் தரமற்ற உணவு கூடுதல் விலைக்கு வழங்கப்பட்டதைக் குறித்து, உரிய சான்றுகளுடன் உணவுப் பாதுகாப்பு ஆணையருக்கு எழுதும் முறையீடு அது. தேர்வில் அடிக்கடி கேட்கப்படுவதால் மாணவர் பலருக்கும் அது மனப்பாடம். இப்பயிற்சியின் சிறப்பு ‘சான்றுகளுடன்’ என்னும் ஒற்றைச் சொல்லில் உள்ளது. நடந்ததை வரிசைப்படுத்தி, நாளும் இடமும் குறித்து, இரசீதை இணைத்து, தன்னைக் குற்றவாளியாக்கிக் கொள்ளாமல் எழுதும் நடை அங்கே பயிற்றப்படுகிறது.

ஏமாற்றப்பட்டவருக்கும் மிரட்டப்பட்டவருக்கும் வேண்டியது இந்நடையே. பெறுநரை மாற்றினால் போதும். பணமோசடி எனில் 1930 என்னும் உதவி எண், பிற இணையக் குற்றங்களுக்கு மைய அரசின் தேசிய இணையக் குற்றப் புகார்த் தளம், குழந்தைகளுக்கு 1098. பணம் போன சில மணி நேரத்துக்குள் 1930இல் தெரிவித்தால், அது கைமாறிச் செல்லும் கணக்குகளில் நிறுத்திவைக்கப்பட வாய்ப்புண்டு. தயக்கத்தில் கழியும் ஓர் இரவு அவ்வாய்ப்பைக் கெடுத்துவிடும். இணைக்க வேண்டியவை அழைத்த எண், வந்த செய்தியின் திரைப்பிடிப்பு, பரிவர்த்தனை எண், நேரம், உரலி ஆகியன. அச்சத்தில் எல்லாவற்றையும் அழித்துவிடும் பிள்ளைக்கு, அழிக்காமல் வைப்பதே முதல் வேலை என்று சொல்லித்தர ஒரு பாடவேளை போதும். ஐந்து மதிப்பெண் பெறக் கற்ற கடிதத்தின் பெறுநர் முகவரியை அடித்துவிட்டு, அதே தாளில், அதே நடையில், கல்வி உதவித்தொகையின் பேரால் தாயின் கணக்கிலிருந்து பணம் எடுக்கப்பட்டதை மாணவர் எழுதிப் பழகலாம்.